சிரிக்காமல் இருந்த ஐந்து மாதம்

என் ஒரே அக்காவுக்கு,

கோபம் தணிந்திருந்தால் அன்போடும், தணியாதிருந்தால் நாலடி தள்ளி நின்றும் தங்கை எழுதிக்கொள்வது. இங்கே நானும் அவரும் பாப்பாவும் சுகம். அங்கே நீயும் அத்தானும் பசங்களும் சுகம் என்று நானாகவே வைத்துக்கொள்கிறேன். கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமையைத்தான் ஐந்து மாதமாகப் போனை எடுக்காமல் கெடுத்துக்கொண்டேனே.

"பதினாலாம் தேதி நேர்ல வரேன். நான் என்ன தப்பு பண்ணேன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லு. சொல்ல முடியலைன்னா இதோட விட்டுடலாம்" என்று நீ அனுப்பியதைத் தினமும் படிக்கிறேன். விட்டுவிடலாம் என்ற சொல்லுக்கு வரும்போதெல்லாம் போனைக் கவிழ்த்து வைத்துவிடுகிறேன். அக்கா, நீ ஒரு தப்பும் பண்ணவில்லை. நீ என்னைச் சிரிக்க வைக்கிறாய். அதுதான் காரணம். இதைச் சொல்ல ஐந்து மாதம் ஆயிற்று. இப்போதும் பேச வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். மத்தியானம், மழை பெய்கிறது, பாப்பா தூங்குகிறாள், ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிவதைப் பார்த்துக்கொண்டே எழுதுவதால் பாதி தூக்கத்தில் எழுதுவது போலிருக்கும், பொறுத்துக்கொள்.

பாப்பாவுக்கு மூன்று மாதம் இருக்கும்போது உன் மேனேஜர் தும்முவதற்கு முன்னால் எல்லாருடைய காகிதங்களையும் எடுத்து வைக்கச் சொல்லி ஆணையிடுவதை நீ போனில் நடித்துக் காட்டினாயே, நினைவிருக்கிறதா? நான் சிரித்தேன். சிரித்த கையோடு உள்ளே எதுவோ என்னைக் கேட்காமலே விட்டுக்கொடுத்தது. பாவாடை நனைந்தது. பாப்பாதான் என்று நினைத்து அவளைத் திட்டினேன். அவள் அறையின் அந்தக் கோடியில், காய்ந்த துணியில், ஒரு பாவமும் அறியாமல் கிடந்தாள். அதற்கப்புறம் தும்மினால், வாளியைத் தூக்கினால், பஸ்ஸுக்கு ஓடினால், எல்லாவற்றுக்கும் ரெண்டு சொட்டு, நாலு சொட்டு. படித்தவள் இல்லையா, உடனே சிகிச்சையை நானே கண்டுபிடித்தேன். தண்ணீர் குடிப்பதை நிறுத்தினேன். கறுப்புப் பாவாடைகளாக வாங்கினேன். தும்மலை மூக்கைப் பிடித்து உள்ளேயே அனுப்பினேன், காது அடைத்துக்கொண்டு ரெண்டு நாள் உலகமே பஞ்சுக்குள் இருந்து பேசியது. கடைசியாகச் சிரிப்பை நிறுத்தினேன். சிரிப்பை நிறுத்துவது என்றால் உன்னை நிறுத்துவது. உன் பெயர் போனில் மின்னும்போதெல்லாம் அது அணையும்வரை பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன்.

அந்த நாட்களில் ஒரே கனவு திரும்பத் திரும்ப வரும். காலேஜ் பரீட்சை ஹால். எல்லாரும் எழுதுகிறார்கள். நான் தும்முகிறேன், ஹாலில் மெல்லத் தண்ணீர் ஏறுகிறது. யாரும் பதறவில்லை. மேஜைகள் அல்லி இலை போல மிதக்கின்றன. மேற்பார்வை பார்க்கும் டீச்சரம்மா ஒரு சின்னப் படகில் துடுப்புப் போட்டுக்கொண்டு வந்து, "அடிஷனல் ஷீட் வேணுமா?" என்று சன்னமாகக் கேட்கிறார். எழுந்தால் பாப்பா அழுதுகொண்டிருப்பாள். பயமாகவும் இருக்கும், அந்தத் தண்ணீர் அழகாகவும் இருக்கும்.

இவரிடம் சொல்லவில்லை. நான் சிரிக்காததைப் பார்த்துத் தன் மேல்தான் ஏதோ கோபம் என்று முடிவு கட்டி, என்னைச் சிரிக்க வைக்க முழு மூச்சாக இறங்கிவிட்டார். வீட்டு வரைபடம் போடுகிறவர் இல்லையா, ஜோக்கைக்கூட அளவெடுத்துத்தான் சொல்வார். அடித்தளம் போட்டு, சுவர் எழுப்பி, கூரைக்கு வரும்போது எனக்கே பாவமாகிவிடும். அவர் ஜோக்குகளால் எனக்கு ஆபத்து ஒன்றும் வரவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

போன மாதம் பாப்பாவுக்கு ஊசி போடப் போன இடத்தில், நர்ஸ் என் பக்கம் திரும்பி, மணி என்ன என்று கேட்பது போலக் கேட்டார்: "இருமினா, தும்மினா கசியுதாம்மா?" அக்கா, நான் அழுதுவிட்டேன். பாப்பா ஊசிக்குக்கூட அவ்வளவு அழவில்லை. "அட, இதுக்குப் போயா. இங்க உக்காந்திருக்கிற அம்மாக்கள்ல பாதிப் பேரைக் கேளுங்க, தலையை ஆட்டுவாங்க. யாரும் வாயைத் திறக்கிறதில்ல, அதான்" என்று சொல்லிக் கையோடு பெண்கள் டாக்டரிடம் நேரம் வாங்கிக் கொடுத்தார். டாக்டர் அம்மா முதலில் கேள்வியாகக் கேட்டார். திடீரென்று முட்டிக்கொண்டு வந்து கழிவறை போவதற்குள் போய்விடுகிறதா, இல்லை இருமும்போதும் குதிக்கும்போதும் மட்டுமா? ரெண்டும் வேறு வேறு கோளாறாம், வைத்தியமும் வேறாம். எனக்கு இரண்டாவது. கிருமி இருக்கிறதா என்று பார்க்க யூரின் டெஸ்ட், ஒன்றுமில்லை. அப்புறம் ஒண்ணுக்குப் போகாமல் நிறைந்த வயிற்றோடு வரச் சொல்லி, "இருமுங்க" என்றார். ஐந்து மாதம் இருமாமல் இருக்கப் பழகியவளுக்கு இருமல் எங்கே வரும்? மூடிய கதவுக்கு வெளியே நின்று கனைப்பது போல ஒரு கனைப்பு. "யாரையும் கூப்பிடறதுக்கு இல்லம்மா. ஊரே திரும்பிப் பாக்கற மாதிரி இருமுங்க" என்றார். இருமினேன். கசிந்தது. "ரொம்ப நல்லது" என்றார். வாழ்க்கையில் நான் தேறியதிலேயே விசித்திரமான பரீட்சை அதுதான்.

சிறுநீர்ப்பையைக் கீழேயிருந்து தொட்டில் துணி போலத் தாங்குகிற தசைகள் உண்டாம். பிரசவத்தில் அவை தொய்ந்துபோகின்றன. இருமும்போது மேலேயிருந்து அழுத்தம் வந்தால் பையின் வாயை இறுக்கிப் பிடிக்க முடிவதில்லை. இவ்வளவுதான். ஐந்து மாதமாக என் உடம்பு என்னைக் கைவிட்டது என்று நினைத்திருந்தேன், ஒரு துணி தளர்ந்திருக்கிறது. என்ன குடித்தேன், எவ்வளவு போனேன், எப்போது, எதனால் கசிந்தது என்று மூன்று நாள் எழுதிக்கொண்டு வரச் சொன்னார்.

இங்கேதான் கூத்து. பாப்பாவுக்கென்று இவர் ஏற்கனவே ஒரு நீல நோட்டு போட்டு, ஸ்கேல் வைத்துக் கோடிழுத்திருந்தார்: நேரம், குடித்தது, போனது, குறிப்பு. எனக்கும் அதே கட்டங்கள்தானே வேண்டும் என்று, அதே நோட்டுக் கட்டிலிருந்து இன்னொரு நீல நோட்டை எடுத்து, அதே மாதிரி கோடு போட்டு எழுதினேன். சனிக்கிழமை குழந்தை டாக்டரிடம் இவர்தான் பாப்பாவைக் கூட்டிப்போனார். எந்த நோட்டோடு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. டாக்டர் சிரிக்கவே சிரிக்காத மனிதர். கண்ணாடியை இறக்கிக்கொண்டு வாசித்தாராம். "காலை ஏழு, காபி ஒரு கப். எட்டரை, இன்னொரு காபி." பாப்பாவைப் பார்த்தாராம். "பதினொன்று, அலமாரி நகர்த்தியபோது கசிவு." மறுபடி பார்த்தாராம். "மாலை நாலு, மாமியார் பாடினார், சிரிப்பை அடக்கினேன், கசிவு இல்லை." நோட்டை மூடி, "எட்டு மாசத்துல அலமாரி நகர்த்தறா. வளர்ச்சி நல்லாத்தான் இருக்கு. காபியை மட்டும் குறைச்சுக்கங்க" என்றாராம்.

இவர் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார். "இதுக்காகவா நீ சிரிக்கல? என் ஜோக்குதான் மோசம்னு நினைச்சுட்டிருந்தேன்."

"அதுவும்தான்" என்றேன்.

நோட்டை என் கையில் கொடுத்துவிட்டு, மூலையில் இருந்த நிறைந்த வாளியைத் தூக்கிக்கொண்டு போனார்.

இப்போது பயிற்சி நடக்கிறது. பிசியோதெரபிஸ்ட் ஒரு சின்னப் பெண். முதல் நாள் "இறுக்குங்க" என்றதும் நான் பல், தோள், கால் விரல் எல்லாவற்றையும் இறுக்கினேன். "முகத்துக்கு இங்க வேலையே இல்லக்கா. மூச்சை விடுங்க, உள்ள ஒரு லிஃப்ட் மெதுவா மேல போற மாதிரி நினைங்க" என்றாள். சரியான தசைதானா என்று பரிசோதித்தும் பார்த்தாள். ஒரு தடவைக்குப் பத்து, ஒரு நாளைக்கு மூன்று தடவை, குறைந்தது மூன்று மாதம். தும்மல் வருகிறது என்று தெரிந்ததும் முன்கூட்டியே இறுக்கிக்கொள்ள வேண்டும். தண்ணீரைக் குறைக்கக்கூடாது, காபியைக் குறைக்கலாம். இதில் சரியாகாவிட்டால் உள்ளே வைத்துக்கொள்ள ஒரு வளையம் இருக்கிறதாம், அதற்கும் மேல் ஆபரேஷன். "அதெல்லாம் மாடி, நீங்க இப்பதான் படியில கால் வெச்சிருக்கீங்க" என்றாள். இந்தப் பயிற்சியில் எனக்குப் பிடித்ததே வெளியில் யாருக்கும் தெரியாததுதான். பஸ்ஸில் உட்கார்ந்து லிஃப்டை ஏற்றி இறக்கும்போது, எதிரே கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வெறித்துப் பார்க்கும் பெண்ணும் இதையேதான் செய்கிறாளோ என்று தோன்றும். டிக்கெட் கொடுக்கிற பெண்ணும், பின் சீட்டு டீச்சரும், எல்லாரும் ஒரே சமயத்தில் உள்ளுக்குள் மெல்ல உயர்த்த, பஸ் ரோட்டிலிருந்து ஒரு சாண் எழும்பி, மழையில் சத்தமில்லாமல் மிதந்து போகிறது. அன்றைக்கு என் ஸ்டாப்பைத் தாண்டி இரண்டு ஸ்டாப் போய்விட்டேன்.

நாலு வாரம் முடிந்திருக்கிறது. கசிவு குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. ஆகவே அக்கா, உன்னைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது: பதினாலாம் தேதி வராதே. இன்னும் எட்டு வாரம் கொடு. அதுவரை போனும் வேண்டாம். எழுது, ஆனால் சோகமாக எழுது. உன் மேனேஜரைப் பற்றி ஒரு வரி வேண்டாம். எட்டு வாரம் கழித்து நானே வந்து உன் கூடத்தில் உட்கார்ந்து, நீ சொல்வதற்கெல்லாம் சிரிக்கிறேன். விட்டுடலாம் என்று மட்டும் சொல்லாதே.

அத்தானுக்கு என் வணக்கம். பெரியவளுக்கும் சின்னவனுக்கும் தலைக்கு ஒரு முத்தம். உன் காலைத் தொட்டு ஆசி கேட்கலாம் என்றால் நீ உதைப்பாய், அதனால் தூரத்திலிருந்தே.

இப்படிக்கு,
உன் சில்வண்டு

பின்குறிப்பு: மேலே இருப்பதை எல்லாம் அடித்துவிடு. கவரை ஒட்டப்போகும்போது நீ கூப்பிட்டாய். பாப்பா விழித்துக்கொண்டு போனைத் தடவி எடுத்துத் தொலைத்தாள். "பதினாலாம் தேதி கதவைத் திறப்பியா மாட்டியா, அதை மட்டும் சொல்லுடி" என்றாய். பதிலுக்கு, எழுதியதையே படித்துக் காட்டினேன். குழந்தை டாக்டர் வரைக்கும் வந்தேன். நீ சிரித்தாய், சிரித்தாய், திடீரென்று "இரு, வரேன்" என்று போனைப் போட்டுவிட்டு ஓடினாய். உன் செருப்புச் சத்தம், ஒரு கதவு, அப்புறம் குழாயில் தண்ணீர் விழும் சத்தம். திரும்பி வந்தபோது அது உன் குரலாகவே இல்லை.

"பதினோரு வருஷம்டி. சின்னவன் பொறந்ததுலேருந்து."

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இதைப் போய் யாராவது சொல்லுவாங்களா. எல்லாப் பொம்பளைக்கும் இப்படித்தான்னு விட்டுட்டேன்." அப்புறம் ரொம்பச் சின்னதாக, "இவ்ளோ நாள் ஆனதுக்கப்புறம் சரியாகுமா?" என்றாய்.

நர்ஸைக் கூப்பிட்டுக் கேட்டேன். "பதினோரு வருஷமா? பரவால்ல, வரச்சொல்லுங்க. பாத்தாதான் தெரியும். அங்கேயே உக்காந்து பயந்துட்டிருந்தா ஒண்ணும் ஆகாது" என்றார். ஆகவே பதினாலு வரைக்கும்கூடக் காத்திருக்காதே. வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு உன் பெயரைக் கொடுத்துவிட்டேன், வியாழன் சாயங்காலமே வந்துவிடு, நானும் கூட வருகிறேன். வயசு கேட்டார்கள். மூன்று குறைத்துச் சொல்லியிருக்கிறேன். அங்கே வந்து திருத்தாதே.