பேச்சைக் கழற்றிப் பார்த்தவர்

பேசச் சொல்லிவிட்டு நர்ஸம்மா போய்விட்டாள். என்னத்தைப் பேசுவது? கல்யாணமான நாளிலிருந்து மோட்டார் மெக்கானிக் தன் பெண்டாட்டியிடம் பேசியதை எல்லாம் சேர்த்துப் பிழிந்தாலும் ஒரு டம்ளர் நிறையாது. சாப்பாடு, சாவி எங்கே, வர்றேன். அவ்வளவுதான். இப்போது அவள் மூளையில் ரத்தம் கசிந்து, கண்ணை மூடி, மூக்கில் குழாயோடு கிடக்கிறாள். காது கேட்கும், பேசிக்கொண்டே இருந்தால் நினைவு திரும்பினாலும் திரும்பும் என்கிறாள் நர்ஸம்மா.

பேசினார். பட்டறைக்கு வந்த தண்ணீர் மோட்டார், அதில் எரிந்துபோன காயில் கம்பி, எரித்தவன் அவிழ்த்துவிட்ட பொய். அது தீர்ந்ததும் குளியலறைக் குழாய் ஒழுகுவதைச் சொன்னார். துவைக்கத் தெரியாமல் வெள்ளைச் சட்டையை நீலமாக்கியதைச் சொன்னார். பக்கத்துக் கட்டிலில் கால் முறிந்து படுத்திருந்த வேறொரு அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. இவர் பெண்டாட்டி முகத்தில் ஓர் அசைவும் இல்லை.

மெக்கானிக் லேசில் எதையும் நம்புகிற ஆள் இல்லை. மோட்டார் ஓடும் என்று கம்பெனிக்காரனே சொன்னாலும் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டுவார். இவளைப் பிரித்துப் பார்க்க முடியாதே. அவளிடம் சொல்ல ஒன்று பாக்கி இருந்தது. அவள் இல்லாத வீட்டுக்குள் நுழையவே பயமாக இருக்கிறது என்று. வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டார். உள்ளே ஆள் இருக்கிறாள் என்று தெரியாமல் அதைச் சொல்லி வைக்க மனசு வரவில்லை. ஆகவே படித்தவர்களைக் கேட்டார். அங்கே பிடித்தது வினை.

மச்சான், அதாவது அவளுடைய அண்ணன், காலேஜில் மேல்நாட்டுத் தத்துவம் நடத்தி ரிட்டயர் ஆனவர். தங்கச்சியைப் பார்க்க வந்தவரிடம் கேட்டதும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். மனசு உள்ளே, உலகம் வெளியே. நமக்குத் தெரிவதெல்லாம் உலகம் இல்லை, அது மனசுக்குள் போடுகிற படம்தான். அடுத்தவர் மனசை எட்டிப் பார்க்க எவருக்கும் வழியில்லை என்றார்.

"கேக்குதா இல்லையா, அதைச் சொல்லுங்க."

"அதைத்தான் சொல்றேன் மாப்பிள்ளை. நிரூபிக்க முடியாது."

சாயங்காலம் மச்சான் கிளம்புமுன்னே சம்பந்தியும் வந்தார். மகளின் மாமனார். மருந்துக்கடையை மூடிவிட்டு, வயசான காலத்தில் புத்தர் வழியில் தியானத்துக்குப் போனவர். உள்ளே, வெளியே என்று கோடு கிழித்ததே தப்பு என்று அவர் ஆரம்பித்தார். காதும் சத்தமும் சேர்கிற இடத்தில் கேட்பது என்ற ஒன்று உண்டாகிறது, விளக்குச் சுடர் மாதிரி. அடுத்த நொடி அது வேறு சுடர். வெளியே தெரிகிற பொருள்கூட மனசை விட்டுத் தனியாக இல்லை என்று சொல்கிற பௌத்தர்களும் உண்டாம்.

"அப்ப அவளுக்குக் கேக்குது?"

"கேட்பது நடக்கலாம் சம்பந்தி. கேட்கிறவர்னு ஒருத்தர் கிடையாது."

மெக்கானிக் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அவரு உள்ள எட்டிப் பாக்க முடியாதுங்கறாரு. நீங்க உள்ள ஆளே இல்லைங்கறீங்க. இத்தனை நாளா எனக்குச் சமைச்சுப் போட்டது யாருய்யா?"

பதில் இருவரிடமும் இருந்தது. அதுதான் தொல்லை.

கடைசியில் தன் தொழில் புத்தியையே நம்பினார். எந்த ஒயர் எதற்குப் போகிறது என்று தெரியாவிட்டால் ஒன்றைக் கழற்றிவிட்டுப் பார்க்க வேண்டும். எது நிற்கிறதோ, அதற்குப் போன ஒயர் அது. பேச்சைக் கழற்றிப் பார்ப்போம், உள்ளே ஆள் இருந்தால் முகத்தில் ஏதாவது தெரியும் என்று வாயை மூடிக்கொண்டார். மச்சான் அதைப் பரிசோதனை என்று மெச்சி முகத்தருகே குனிந்தார். குனிந்து பார்க்கிற மனசே, இல்லாததை உண்டாக்கிவிடும் என்று சம்பந்தி அவர் தோளைப் பிடித்து இழுத்தார். ஸ்டூல் உருண்டது. கண் இமை ஆடியது என்றார் மச்சான். ஆட்டியவர் எங்கே என்றார் சம்பந்தி.

நர்ஸம்மா வந்து மூன்று பேரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

படிக்கட்டுப் பக்கம் போய் நின்றும் சண்டை ஓயவில்லை. மெக்கானிக் கதவைத் தட்டி உள்ளே போயிருக்கலாம். ஆனால் ஒரு முடிவு தெரியாமல் போய் என்ன பேச? இருவர் சட்டையையும் பிடிக்காத குறையாக, இருக்காளா இல்லையா என்று கேட்டுக்கொண்டே நின்றார். அவர்களும் சலிக்காமல் விளக்கிக்கொண்டே இருந்தார்கள். டாக்டர் ஓட்டமும் நடையுமாக அவர்களைத் தாண்டிப் போனார். யாருக்கோ அவசரம் என்று நகர்ந்து வழிவிட்டார்கள்.

நர்ஸம்மா கூப்பிட்டு மெக்கானிக் உள்ளே போனபோது மூக்குக் குழாயைக் கழற்றியிருந்தார்கள். நர்ஸம்மா போர்வையை இழுத்து முகத்தை மூடிவிட்டு அவருக்கு வழிவிட்டாள். மச்சான் வாசலிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டார். சம்பந்தி கைகூப்பினார்.

மெக்கானிக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவளுக்குக் கடைசிவரை ஒன்றுமே கேட்கவில்லை போலிருக்கிறது என்று யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமலே சொன்னார்.

கால் முறிந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க வெளிய போயிப் பேச்சு நின்ன கொஞ்ச நேரத்துல கண்ணைத் திறந்துட்டாங்கய்யா. சுத்தியும் பார்த்தாங்க, சத்தத்தைக் காணோமே, அவரு செத்துப்போயிட்டாரான்னு என்னைக் கேட்டாங்க."