சிவகணேஷ் எழுதிய கொடை நாடகம்

மேனேஜர் நாற்காலியை உதறிவிட்டு, தச்சநல்லூர்த் தெருவுக்கு நாடகம் எழுத உட்கார்ந்தான் சிவகணேஷ். உலகமே காத்திருக்கிற மாதிரி பேனாவைத் திறந்தான்.

"ஏட்டி, இனி நான் எழுத்தாளன். அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுல என் நாடகம்தான்!"

"திங்கக்கிழமை வந்தா வேலை இருக்குன்னு கம்பெனியில சொல்லுதாவ," என்றாள் அவன் மனைவி முத்துராணி.

"தெரு கைதட்டலைன்னா போறேன். தட்டிட்டா, வேலைப் பேச்சை நீ எடுக்கவே கூடாது."

"சரி."

பெண்டாட்டி உடனே சரி என்றால் ஊரை விட்டே ஓடிவிட வேண்டும். அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும். இவன் தலைப்பு யோசித்துக்கொண்டிருந்தான்.

நாடகத்தில் புருஷன் உறுமுவான், பெண்டாட்டி நடுங்குவாள். வீட்டில் விழுங்கிய பதில்களையெல்லாம் ஒன்றுவிடாமல் எழுதினான்.

தெரு நடிகர்கள் வசனத்தை மனப்பாடம் செய்கிற ஜாதி இல்லை. திரைக்குப் பின்னாலிருந்து சுடலைக்கண்ணு படிப்பார். அதையே மேடையில் வாங்கிச் சொல்வார்கள். அவர் இருமினால் இவர்களும் இருமுவார்கள். கொடையன்றைக்கென்று பார்த்து, சாமியாடிக்குப் பின்னால் கத்திக் கத்தி அவருக்குத் தொண்டை போய்விட்டது.

"நான் படிக்கேன். நீங்க ஆசிரியர்லா, முன்னால போய் உக்காருங்க," என்றாள் முத்துராணி.

ஆசிரியர் குளிர்ந்துபோய் முன்வரிசையில் உட்கார்ந்தார்.

திரை விலகியது. புருஷன் வேஷத்தில் பேச்சிராஜ் மீசையை முறுக்கினான். திரைப்பக்கம் காதைக் கொடுத்தான். பிறகு கர்ஜித்தான்:

"குழம்புல உப்பை அள்ளிப் போட்டது நான்தான்! உன்னைத் திட்டினது தப்பு!"

சிவகணேஷ் துள்ளி எழுந்தான். "ஏலே, இது என் வசனம் இல்லலே!"

"மறைக்கீரு, உக்காரும்வே!" என்றார் பின்னாலிருந்தவர்.

கர்ஜனை குறையாமல் பேச்சிராஜ் பாத்திரம் கழுவினான். சேலை மடித்தான். பெண்கள் குலவை போட்டார்கள். ஆண்களும் கைதட்டினார்கள், பக்கத்தில் பெண்டாட்டிமார் இருந்தார்களே!

கைதட்டல் ஓயவில்லை. சிவகணேஷுக்குப் பொறி தட்டியது. வசனம் யாருடையதாக இருந்தால் என்ன? தெரு தட்டிவிட்டது. ஜெயித்தது அவன்தான்! நெஞ்சை நிமிர்த்தி மேடையேறினான். துண்டு போர்த்தி மைக்கைக் கையில் கொடுத்தார்கள்.

அவ்வளவு கூட்டத்தைப் பார்த்ததும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அப்போது திரைக்குப் பின்னாலிருந்து மெதுவாக ஒரு குரல் வந்தது. விழப்போகிறவன் கம்பைப் பிடிக்கிற மாதிரி அதைப் பிடித்துக்கொண்டான்.

"திங்கக்கிழமை நான் வேலைக்குப் போறேன்," என்று முணுமுணுத்தான்.

"சத்தமா," என்றது குரல்.

"சத்தமா!" என்றான் மைக்கில்.