மேலவெளி விமான நிலையம்

"நாய் பேர்லயுமா எழுதிட்டீங்க?"

"நாய் பேர்ல எழுதினதுதான் பத்திரமா இருக்கு. மச்சினன் பேர்ல எழுதினதை அவன் தன்னோடதுன்னே நினைச்சிட்டான்."

"செத்தவங்க பேர்ல?"

"நாலு தலைமுறை தீந்துபோச்சு. இனிமே எழுதணும்னா யாராச்சும் புதுசா செத்தாத்தான் உண்டு."

"அப்படியும் மிச்சம் இருக்குதா?"

"மேலவெளியில அஞ்சு வேலி நெலம். அதுக்குத்தான் ஆள் ஆப்பிடல."

மனிதகுலம் ஆகாயத்தை வென்ற வரலாற்றை எழுதுகிறவர்கள் அமெரிக்காவில் ஏதோ ஒரு மணல்மேட்டைக் குறிப்பிட்டுவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். நீடாமங்கலத்துக்குத் தெற்கே, பாமணியாற்றங்கரையில், என் பெரியப்பா வீட்டுக் கூடத்தில், மேற்படி உரையாடலின் நடுவில் அந்த வரலாறு இரண்டாம் முறையாகத் தொடங்கியது என்பது அவர்களுக்குத் தெரியாது. கூடத்தில் ஊஞ்சலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியும்.

பதில் சொல்லிக்கொண்டிருந்தவர் என் பெரியப்பா, மிராசுதார் பஞ்சநாதன். நிலத்தின்மேல் பற்றே இல்லாதவர். அரசாங்கம் நில உச்சவரம்புச் சட்டம் கொண்டுவந்த பிறகு அவர் பெயரில் நிலமே ஏறக்குறைய இல்லாமல் போனதற்கு அந்தத் துறவு மனப்பான்மைதான் காரணம். கேட்டவர் ஆளுங்கட்சியின் ஒன்றியச் செயலாளர் இராஜாங்கம். "உழுபவனுக்கே நிலம்!" என்று அவர் மேடையில் முழங்கினால் ஒலிபெருக்கி இருமும். முழங்கிவிட்டு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார். சாப்பாட்டுக்குப் பிறகு, உழுவது டிராக்டர் என்றும், டிராக்டர் பஞ்சநாதனுடையது என்றும் எங்களுக்குத் தத்துவ விளக்கம் தருவார்.

நான் மன்னார்குடியில் பி.ஏ. முடித்துவிட்டு, மேற்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தேன். யோசனைக்குத் துணையாக மொழிபெயர்ப்பு நாவல்கள் படித்தேன். அவற்றில் வருகிறவர்கள் கம்பளிக் கோட்டு அணிந்து, பனி கொட்டும் ரயிலடியில் காதலியைப் பிரிவார்கள். நானும் நீடாமங்கலம் ஜங்ஷனுக்குப் போய்ப் பலமுறை பிரிந்து பார்த்தேன். பிரிவதற்கு எதிரில் ஆள் இல்லாததால் அது சரியாக அமையவில்லை. மார்கழிப் பனியில் இருமல்தான் வந்தது.

அந்த நாவல்கள் ஒன்றில் விமானி ஒருவன் வந்தான். அன்றிலிருந்து எனக்கு ஒரு போர் விமானம் தேவைப்பட்டது.

"தம்பி கையில என்ன, நோட்டீஸா?" என்றார் இராஜாங்கம்.

"விமானங்க. காதர் மைதீன் மாமா அனுப்பின படம்."

காதர் மைதீன் சபுராளி. கப்பலேறிப் பிழைக்கப் போகிறவர்களை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். சிங்கப்பூரில் பொம்மைக் கடை வைத்திருந்தார். நவீன ஜெட் போர் விமானத்தின் மாடல் ஒன்று புதிதாக வரப்போகிறது, முதல் சரக்கிலேயே ஒன்றை எடுத்துவைத்து, அடுத்த கப்பலில் வரும்போது கொண்டுவருகிறேன் என்று எழுதியிருந்தார். பெட்டிக்குள் பாகம் பாகமாக இருக்குமாம். பசை வைத்து ஒட்ட வேண்டுமாம். நிஜ விமானத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு நீளமாம்.

"போர் விமானமா? யாருக்கு?"

"எனக்குத்தாங்க."

பெரியப்பா ஊஞ்சலைக் காலால் நிறுத்தினார். வெற்றிலையை மெல்லுவதையும் நிறுத்தினார். "இது எறங்கறதுக்கு எவ்வளவு இடம் வேணும்டா?"

"நிஜமானதுக்குன்னா ஒரு மைல் நீளம் வேணும் பெரியப்பா."

"நீளம் ஒரு மைல்," என்றார் இராஜாங்கம், கண்ணை மூடி. "அகலம் நம்ம இஷ்டம்."

கல்வி அறக்கட்டளைகளின் நிலத்துக்கு உச்சவரம்பிலிருந்து விலக்கு வாங்கலாம் என்பது அவருக்கு மனப்பாடம். பள்ளிக்கூடம் என்றால் பிள்ளைகள் வந்து தொலைப்பார்கள். ஆஸ்பத்திரி என்றால் நோயாளிகள். விமானப் பயிற்சி என்றால் யாரும் வரமாட்டார்கள். வரவில்லையே என்று யாரும் கேட்கவும் மாட்டார்கள். அன்று சாயங்காலமே 'சோழவளநாட்டு வானூர்திக் கல்வி அறநிலையம்' உதயமாயிற்று. பெரியப்பா நிறுவனர். இராஜாங்கம் புரவலர். விமானத்தின் உரிமையாளன் என்ற முறையில் நான் 'வான்துறைச் செயலாளர்'.

விமானம் வருவதற்குள் வரவேற்புக் குழு மூன்று தடவை கூடியது. ஆகாயம் சம்பந்தப்பட்ட எந்தப் பிரச்சினையையும் நாங்கள் விட்டுவைக்கவில்லை. விமானம் கிழக்கேயிருந்து இறங்கினால் தென்னந்தோப்பு இடிக்குமே என்று ஒருவர் எழுப்பிய ஐயம் பரிசீலிக்கப்பட்டது. தோப்புக்கு ஏற்கெனவே ஒரு விலக்கு வாங்கியிருந்தோம். ஒரு விலக்கு இன்னொரு விலக்கின்மேல் மோதக்கூடாது என்பதால், விமானம் மேற்கேயிருந்து இறங்க வேண்டும் என்று தீர்மானித்தோம். வாலுக்குக் கட்சிக் கொடியின் நிறம் அடிக்க வேண்டும் என்றார் இராஜாங்கம். ஆட்சி மாறினால் வாலை என்ன செய்வது என்றார் பெரியப்பா. இருவரும் தொலைநோக்குடையவர்கள். கழுவினால் போகிற சாயமாக அடிப்பது என்று சமரசம் ஏற்பட்டது.

நான் அந்த வாரங்களில் தரையில் நடந்ததாக நினைவில்லை. சாப்பிடும்போது இறக்கை ஒட்டினேன். குளிக்கும்போது சக்கரம் பொருத்தினேன். இந்தப் பேரின்பத்துக்கு இடையூறாக ஒரே ஒரு ஆள்தான் இருந்தாள்.

காளியம்மாள். மேலவெளியில் வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்கு கொடுத்து, சாகுபடி செய்தவள். புருஷன் பாம்பு கடித்துச் செத்த பிறகும் விடாமல் செய்துகொண்டிருந்தாள். உபரி நிலம் என்று சர்க்கார் எடுத்தால் மேலவெளியில் மூன்று மா, ஏறக்குறைய ஓர் ஏக்கர், அவள் பெயருக்கு வரும் என்று செங்கொடிச் சங்கத்தில் யாரோ சொல்லி அவள் மனதைக் கெடுத்திருந்தார்கள். அவள் அதை நம்பிச் சம்பா நட்டிருந்தாள். கொல்லைப்புறம் வந்து நின்று கூப்பிட்டாள்.

"சின்னய்யா, ஏரோப்ளேன் வருதாமே?"

"வருது."

"எதுல வருது?"

"கப்பல்ல."

"பறக்குற சாமான் எதுக்கு கப்பல்ல வருது? அதுக்கு ஒடம்பு சரியில்லையா?"

மக்களிடையே விஞ்ஞான மனப்பான்மை வளர இன்னும் எவ்வளவு காலமாகும் என்று நான் வருந்தினேன்.

"எங்க வயலுக்கா வருது?"

"மேலவெளிக்கு."

"அங்க கதிர் வந்திருக்கு சின்னய்யா. இன்னும் பால் கட்டல. வர்றது வந்து, அறுப்பு முடிஞ்சு எறங்கட்டும். தாளடியில எறங்குனா அதுக்கும் மெத்துனுதான இருக்கும்?"

அவளுடைய அக்கறை என்னை நெகிழவைத்தது. குழுவில் சொல்கிறேன் என்றேன். சொல்லவும் செய்தேன். 'பொதுமக்கள் விமானத்தை ஆவலுடன் எதிர்நோக்குகின்றனர்' என்று பதிவு செய்துகொண்டார்கள்.

கடைசியில் கப்பல் நாகப்பட்டினம் வந்தது. காதர் மைதீன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, கீழ்வேளூர் வழியாக மூன்று பஸ் மாறி வந்தார். பஸ் நிறுத்தத்தில் நாகஸ்வரம், வாழைமரம், வளைவு. ஊரே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்ததால் அவர் இறங்கியதை யாரும் கவனிக்கவில்லை.

"எங்கப்பா ஏரோப்ளேன்?" என்றார் இராஜாங்கம்.

"இதுலதாங்க." பெட்டியை ஆட்டிக் காட்டினார். உள்ளே கலகலவென்றது.

"ஒடஞ்சு போச்சா?"

"இல்லைங்க. இன்னும் ஆகல."

புரவலர் ஒரு கணம்தான் தடுமாறினார். பிறகு பெட்டிக்கு மாலை போட்டு ஒலிபெருக்கியைப் பிடித்தார். "பகைவரைப் பதறவைக்கும் பறவையே! பைந்தமிழர் பாசறைக்குப் பாய்ந்து வந்த பருந்தே!" அரைமணி நேரம். பெட்டி அசையாமல் கேட்டது. இத்தனை கவனமாக அவர் பேச்சை வேறு யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. பேச்சு முடிந்ததும் காதர் மைதீன் என்னை ஒதுக்குப்புறமாக அழைத்து, "வெளையாட்டு சாமான்னு சொல்லித்தானே அனுப்புனேன் வாப்பா? எதுக்கு இத்தனை கூட்டம்?" என்றார் பயந்துபோய். பாவம், வெளிநாட்டிலேயே இருந்துவிட்டவர்.

நான் கதவைச் சாத்திக்கொண்டு ஒட்டத் தொடங்கினேன். அதற்குள் எங்கள் விலக்கு மனுவை விசாரிக்க உச்சவரம்பு அதிகாரி ஜீப்பில் வந்துவிட்டார். ஒரு இறக்கை ஒட்டியாகிவிட்டது. மற்றொன்று சன்னலில் காய்ந்துகொண்டிருந்தது. அதிகாரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"இதான் விமானமா?"

"இதாங்க," என்றார் பெரியப்பா.

"சின்னதா இருக்கே."

"இப்பத்தாங்க வந்திருக்கு."

அதிகாரி யோசித்தார். "விமானம் இருக்கான்னுதான் எனக்கு உத்தரவு. எவ்வளவு பெரிசுன்னு உத்தரவு இல்லை. இது பறக்குமா?"

"சர்க்கார் அனுமதி குடுத்தா பறக்கும்."

"அனுமதி குடுக்கறது எங்க இலாகா இல்லையே."

"அதனாலதாங்க நிக்குது."

அதிகாரியின் முகம் தெளிந்தது. ஒரு விஷயம் வேறு இலாகாவைச் சேர்ந்தது என்று தெரியவரும்போது அரசு ஊழியருக்கு உண்டாகும் அமைதியை, புத்தரின் சிலைகளில் மட்டுமே கண்டிருக்கிறேன். காப்பி குடித்தார். மேலவெளியைப் பார்க்கக் கிளம்பினார். நான் விமானத்தைத் தட்டில் வைத்து, காற்றில் பறந்துவிடாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, பின்னால் நடந்தேன்.

மேலவெளி முழுக்கச் சம்பா நின்றது. பச்சைக்கதிர் தலை சாய்க்கத் தொடங்கியிருந்தது. வரப்பில் காளியம்மாள் நின்றாள்.

"இது ஓடுதளம்னு மனுவுல இருக்கு," என்றார் அதிகாரி. "எனக்கென்னமோ வயல் மாதிரி தெரியுது."

"பயிரு மறைக்குதுங்க," என்றார் பெரியப்பா.

"அப்ப மறைக்காம பண்ணுங்க. சாயங்காலம் அறிக்கை எழுதணும்."

காளியம்மாள் வரப்பிலிருந்து இறங்கி வந்தாள். "ஐயா, பால் கட்டுது. ஒரு மாசம் பொறுத்தா அறுத்துருவேன். அப்புறம் எது வேணா எறங்கட்டும்."

"விமானம் வந்தாச்சேம்மா," என்றார் அதிகாரி. குரலில் நிஜமான வருத்தம் இருந்தது. "வராம இருந்தா நான் யோசிக்கலாம்."

"இதுவா?" அவள் என் கையிலிருந்த தட்டைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். "இத நான் தலையில வச்சுக்கறேன் சாமி. வயலை விட்டுருங்க."

இந்த யோசனையை, கூட வந்திருந்த இராஜாங்கம் மிகுந்த கண்ணியத்துடன் நிராகரித்தார். விமானத்தை ஒருவர் தலையில் வைப்பது சர்வதேச வான்போக்குவரத்து மரபு அல்ல.

சங்கத்துக்காரர்கள் வரக்கூடும் என்பதால் விமானத்தின் பாதுகாப்புக்காக ஒரு லாரி ரிசர்வ் போலீஸ் வந்தது. டிராக்டர் இறங்கியது. மேலவெளி வெகு சீக்கிரத்தில் ஓடுதளமாக முன்னேறியது. சக்கரத்தில் சிக்கிய கதிர்கள் நசுங்கி, அந்த இடமெல்லாம் பால் வாசனை அடித்தது. காளியம்மாள் ஓரமாகக் கிடந்த கதிர்களைப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டாள். அறநிலையத்தின் சொத்து என்றாலும் நாங்கள் தடுக்கவில்லை. கல்வி நிறுவனத்துக்கு மனம் பெரிதாக இருக்க வேண்டும்.

இரண்டாவது இறக்கையும் ஒட்டிய பிறகு, ஐந்து வேலிக்கு நட்டநடுவே முக்காலி போட்டு, அதன்மேல் விமானத்தை நிறுத்தினோம். சாலையிலிருந்து பார்த்தால் முக்காலியே தெரியவில்லை. அதிகாரி அறிக்கையில் 'விமான நிலையம் விசாலமானது' என்று எழுதினார். விலக்கு வந்தது. நான் அந்தி வெயிலில் மேலவெளியின் நடுவே நின்று பார்த்தேன். கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் மண். என் நாவல்களில் வருகிற முடிவில்லாத சமவெளியை முதன்முதலாக எங்கள் ஊரிலேயே பார்த்துவிட்டேன். கண் கலங்கியது.

தைமாதம் காதர் மைதீனுக்கு நன்றி எழுதிப் போட்டோம். அவர் பதிலுக்கு, அடுத்த பருவத்தில் குண்டுவீச்சு விமானத்தின் மாடல் ஒன்று வரப்போவதாக எழுதினார். போர் விமானத்தைவிட இரண்டு மடங்கு நீளமாம். கடிதத்தைப் பெரியப்பாவே உரக்கப் படித்தார். படித்துவிட்டுக் கீழவெளிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே குடிசைகள் இருக்கின்றன, காளியம்மாளுடையதும் இருக்கிறது. "அதையும் ஒரு எட்டு பாத்துருவோம்," என்றார் இராஜாங்கம். ஏப்பம் விட்டார்.

மறுபடியும் அந்த இனிய காத்திருப்பு தொடங்கியது. மறுபடியும் எனக்குச் சாப்பாட்டில் இறக்கை, குளியலில் சக்கரம். சன்னலோரம் உட்கார்ந்து, பெட்டி வந்து சேரும் நாளைக் கனவு கண்டுகொண்டிருந்தபோது, வெளியே யாரோ கனைப்பது கேட்டது. காளியம்மாள். உள்ளே மேசைமேல் இருந்த போர் விமானத்தைச் சன்னல் கம்பி வழியாகப் பார்த்தாள்.

"அடுத்தது வருதாமே சின்னய்யா?"

"ஆமா. இதைவிடப் பெரிசு."

"சொன்னாங்க." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க படிச்ச புள்ள. ஊரு ஒலகத்துல இருக்குற ஏரோப்ளேனெல்லாம் ஒங்களுக்குத் தெரியும். ஏறினா ஏறினதுதான், எறங்கவே எறங்காதுன்னு ஒண்ணு எங்கயாச்சும் செய்யிறாங்களான்னு கேட்டு, அதை வரவழையுங்க சின்னய்யா."