வானிலைக்காரர் எழுந்துவிட்டார்

வானிலைக்காரர் மொட்டைமாடித் தொட்டிலிலிருந்து ஒரு காலைத்தான் கீழே வைத்தார். அதற்குள் பக்கத்து மாடியில் அலறல் கேட்டது.

"வானிலைக்காரர் எழுந்துட்டாரு! துணியை எடுங்க, துணியை எடுங்க!"

பொழுது புலரும் நேரத்தில் தெருவே மாடியேறியது. சலவைக்கடைக்காரம்மா காயப்போட்ட விரிப்புகளை ஈரத்தோடு அள்ளிக்கொண்டு ஓடினார். வானத்தில் மருந்துக்கும் மேகமில்லை.

"ஏம்மா, நான் தண்ணி குடிக்கத்தானே எழுந்தேன்?"

"அதைச் சொல்லிட்டு எழுந்திருக்கக் கூடாதா? இப்ப இத்தனையையும் யாரு மறுபடி காயப்போடறது?"

அவர் வானொலியில் வானிலை அறிக்கை வாசிப்பவர். அடுத்த தெரு வானிலை ஆய்வு நிலையத்திலிருந்து வருவதை அழுத்தந்திருத்தமாகப் படிப்பதோடு சரி. மற்றபடி மேகத்துக்கும் அவருக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. சமீபமாக மொட்டைமாடியில் இரண்டு இரும்புத் தூண்களுக்கு நடுவே வலைத்தொட்டில் கட்டி, மேலே துணிகூட மறைக்காமல் வெட்டவெளியில் தூங்க ஆரம்பித்திருந்தார். வாசித்த அறிக்கையில் மழை இல்லையென்றால் தொட்டில், உண்டென்றால் கட்டில்.

"பேரன் எடுக்கற வயசுல தொட்டில் கேக்குதா?" என்று மனைவி சிரித்தாள். சிரிக்கட்டுமே! உடம்பு வலைக்குள் அமிழும்; முதுகுக்கு அடியிலும் காற்று போய்வரும்; நட்சத்திரங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கும்போது கண் தானாகச் செருகும். கட்டிலில் புரண்டு கழித்த வருஷங்களை நினைத்தால் அவருக்குப் பாவமாக இருந்தது.

தெரு இதை வேறுமாதிரி புரிந்துகொண்டது. உள்விவரம் தெரியாமலா மனுஷன் கூரையில்லாமல் படுப்பார்? ஜனங்கள் வானொலியை மூடிவிட்டு மாடியை எட்டிப் பார்த்தார்கள்.

தெரு துணி அள்ளிய நாளிலிருந்து தண்ணீர்ப் புட்டியைத் தொட்டிலிலேயே கட்டிக்கொண்டார். கொசு கடித்தது. போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டார். மறுநாள் அந்தக் கோடையில் தெருவில் பாதிப் பேர் கம்பளிச்சட்டை போட்டுக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க வேலைக்குப் போனார்கள்.

"மேல ஒரு தார்ப்பாய் கட்டிடுங்க. நீங்க இருக்கீங்களா இல்லையான்னு ஒருத்தருக்கும் தெரியாது" என்றாள் மனைவி.

நல்ல யோசனைதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் முடிச்சைப் போட்டு இரண்டாவது முடிச்சுக்குக் கயிற்றை இழுத்தபோது, எதிர்மனையில் உறுமிக்கொண்டிருந்த கலவை இயந்திரம் நின்றது. மேஸ்திரி மூச்சிரைக்க மாடியேறி வந்தார்.

"என்ன சார் இது? ரேடியோவுல மழை இல்லேன்னீங்க, இங்க தார்ப்பாய் கட்டறீங்க! நான் உங்க வாயை நம்பறதா, கையை நம்பறதா?"

"ஐயா, இது கொசுவுக்கு..."

"ஊருக்கெல்லாம் வீடு கட்டிட்டு இன்னிக்குத்தான் சார் எனக்குன்னு ஒரு கூரை போடறேன். ஆளுங்க தார்ப்பாயைப் பார்த்துட்டு சட்டியைக் கீழ வெச்சுட்டாங்க. நீங்க ஏறிப் படுத்தாத்தான் வேலை நடக்கும்."

"பகல்லயா?"

"கூரை முடியறவரைக்கும்."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். தார்ப்பாயை அவிழ்த்துவிட்டு ஏறிப் படுத்தார். எதிரே இயந்திரம் மறுபடி உறுமியது. மனைவி சாப்பாட்டை மேலேயே கொண்டுவந்தாள்.

மத்தியானம் தாண்டியதும் மேற்கே ஒரு கருமேகம் எழுந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தலைக்கு மேல் வந்து நின்றது. அவர் மூக்கில் ஒரு சொட்டு விழுந்தது.

"எழுந்து வாங்க, நனைஞ்சிடப் போறீங்க!" என்றாள் மனைவி.

எதிர்க் கூரையில் எல்லாரும் சட்டியும் கையுமாக இவரையே பார்த்து நின்றார்கள். மேஸ்திரி கைகூப்பி நின்றார். பாதியில் விட்டால் கூரை பாழ். வாழ்நாளில் இதுவரை யாரும் வானிலைக்காரரை இவ்வளவு நம்பியதில்லை. கண்ணை மூடிக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி ஒரு குறட்டை விட்டார்.

"பார்த்தீங்களா, எப்படித் தூங்கறாரு! போடுங்கடா!" என்றார் மேஸ்திரி.

பொய்க்குறட்டை எப்போது நிஜமானதோ தெரியாது. கண் விழித்தபோது மேகம் போன இடம் தெரியவில்லை. சாயங்கால வெயில் முகத்தில் இதமாக விழுந்தது. எதிரே கூரை முடிந்திருந்தது. மேஸ்திரி மிட்டாய்ப் பொட்டலத்தோடு வந்து அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"சரி, தொட்டிலிலேயே இருங்க. உங்களை இறக்கினா ஊரு என்னை ஏசும்" என்று சிரித்தாள் மனைவி.

அப்போதுதான் ஆய்வு நிலைய உதவியாளர் படியேறி வந்தார். வானிலைக்காரருக்குப் பகீரென்றது. நிலையத்துக்குப் போட்டியாகக் கடை விரித்ததாகப் புகார் போயிருக்கும். வேலை போச்சு!

"மன்னிச்சிடுங்க சார்" என்று முந்திக்கொண்டார். "நான் வேணும்னு செய்யலை. இன்னியிலேர்ந்து உள்ளயே படுத்துக்கறேன்."

உதவியாளர் பதறிப்போனார்.

"ஐயையோ, அப்படியெல்லாம் பண்ணிடாதீங்க! கருவியெல்லாம் பழுதாகி ரெண்டு மாசமாச்சு. எங்க நாலாவது மாடி ஜன்னல்லேர்ந்து உங்களைப் பார்த்துத்தானே சார் அறிக்கையே எழுதி அனுப்பறோம்!"