குளித்த பாட்டில்கள்

பாட்டிலில் வெள்ளையாக எழுதியிருந்த 1898 வழிந்து பாத்திரத் தொட்டிக்குள் போய்க்கொண்டிருந்ததை நேலியோ சற்றுத் தாமதமாகத்தான் கவனித்தான்.

கையிலிருந்த ஸ்பாஞ்சைப் பார்த்தான். வெள்ளையாகிவிட்டிருந்தது. பாட்டிலைப் பார்த்தான். கன்னங்கரேலென்று, ஓர் எழுத்துகூட இல்லாமல் மின்னியது. ஏற்கெனவே குளித்து முடித்த இரண்டு பாட்டில்கள் ஜன்னலோரம் வெயில் காய்ந்தன. அவற்றிலும் எழுத்து இல்லை.

நேலியோ ஃபுன்ஷால் நகரத்தில் குளியலறை டைல்ஸ் விற்பவன். பளபளப்புதான் அவனுக்குச் சோறு போடுகிறது. தூசியைக் கண்டால் கை சும்மா இருக்காது. மாமனார் பல்தசார் நேர் எதிர். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, மடெய்ரா தீவின் பழைய வைன்களைத் தவிர அவருக்கு வேறு உலகம் இல்லை. மாடி அறையின் கதகதப்பில் பாட்டில்களை வரிசையாக நிற்க வைத்து, ஒட்டடையோடு சேர்த்துக் காத்து வந்தார். ஈரத்துணி அந்த அறைப் படியேறக் கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறு மதியம், தன்னைப் போலவே வைன் பித்துப் பிடித்தவர்களைக் கூப்பிட்டு மூன்று பாட்டில்களைப் பகிர்ந்துகொள்வார். அந்த மேஜைக்கு நாலே நாற்காலிகள். கல்யாணமானதிலிருந்து நேலியோவுக்கு அன்றைக்குச் சமையலறையில்தான் சாப்பாடு. இந்த வருடம் கப்பல் கேப்டன் ஒருவர் லிஸ்பனுக்கு மகள் வீட்டோடு போய்விட, ஒரு நாற்காலி காலியானது. மனைவி லீஜியா அப்பாவோடு ஒரு வாரம் பேசாமல் இருந்து அதை வாங்கிக் கொடுத்திருந்தாள். பாட்டில்களை மேலேயிருந்து கொண்டுவந்து மேஜையில் வைக்க வேண்டும், வேறொன்றும் செய்யக் கூடாது என்பதுதான் மாமனார் போட்ட நிபந்தனை. நேலியோ கொண்டுவந்தான். வைக்கிறதுக்கு முன்னால் கொஞ்சம் கழுவினான், அவ்வளவுதான்.

மாமனாரும் மாமியாரும் கோயில் பூசையிலிருந்து திரும்ப இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. லீஜியா எட்டிப் பார்த்தாள்.

"என்ன பண்ணி வெச்சிருக்கே?"

"வெதுவெதுப்பான தண்ணிதான் லீஜியா. நூறு வருஷத்துப் பெயின்ட்டு, இப்படியா சோப்பு மாதிரி கரையும்?"

"அதை அப்பாகிட்ட கேளு. சாகுற வரைக்கும் உனக்குக் கிச்சன்தான்."

வருடங்கள் அவனுக்கு நினைவிருந்தன. 1870, 1898, 1902. எது எந்தப் பாட்டிலில் இருந்தது என்பதுதான் நினைவில்லை.

லீஜியா அப்பாவின் சொற்பொழிவுகளைக் கேட்டு வளர்ந்தவள். புளிப்பு தூக்கலாக இருப்பது 1898, நடுத்தரம் 1902, தேனாக இனிப்பது 1870 என்று சொன்னாள். மூச்சு விடட்டும் என்று பல்தசார் முன்கூட்டியே திறந்து, தக்கையைச் சும்மா சொருகித்தான் வைத்திருந்தார். ஆளுக்கு ஒரு வாய் சுவைத்துக் கண்டுபிடித்துவிடலாம் என்பது நேலியோவின் யோசனை.

முதல் சுற்றில் தெளிவாகவே தெரிந்தது. உறுதிப்படுத்திக்கொள்ள இரண்டாவது சுற்று போனான். ஆறு வருடமாக மேஜைக்கு அந்தப் பக்கம் இதுதானா நடந்துகொண்டிருந்தது என்று அவனுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. மூன்றாவது சுற்றில் மூன்று பாட்டில்களும் உயிர்த் தோழர்களாகிவிட்டன. யாரையும் பிரித்துப் பார்க்க மனம் வரவில்லை. அதற்குள் கழுத்துவரை இருந்த வைன் தோள்பட்டைக்கு இறங்கியிருந்தது.

இறங்கியதை ஏற்ற வேண்டுமே. மாமியார் ஒட்டீலியா இறைச்சிக் குழம்பில் ஊற்றுகிற மளிகைக்கடை வைன் அடுப்பு மேடையில் இருந்தது. அதை எடுத்து மூன்றிலும் சரிசமமாக ஊற்றினான். லீஜியா பள்ளிக்கூட டீச்சர். அவள் பையிலிருந்த ஒயிட்னரால் குத்துமதிப்பாக வருடங்களை எழுதினான். டைல்ஸ்காரன் கை, ஸ்கேல் வைத்துப் போட்டது போல வந்தது. பழைய எழுத்து இவ்வளவு நேராக இருக்காது, அதுவும் ஒரு கஷ்டம்தான். போதாததற்கு வீடு முழுக்க ஒயிட்னர் வாடை. விசிறிக்கொண்டிருக்கும்போதே வாசலில் கார் நின்றது.

ஒட்டீலியா உள்ளே வந்ததும் பாட்டில்களைக் குனிந்து பார்த்தாள். அவனை ஒருமுறை பார்த்தாள். அடுப்படிக்குப் போய்விட்டாள். உள்ளேயிருந்து சிரிப்பு மாதிரி ஒரு சத்தம் வந்தது.

விருந்தாளிகள் இரண்டு பேர். ஓய்வுபெற்ற நீதிபதி லுசிந்தா அம்மாள், மருந்துக்கடை சில்வேரியோ. நேலியோ நாலாவது நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். பல்தசார் 1898-ஐ ஊற்றினார்.

நீதிபதி முகர்ந்தார், கண்ணை மூடினார்.

"வார்னிஷ் வாசம். நல்ல பழைய வைன்ல மட்டும்தான் வரும். இந்த அளவுக்கு நான் பாத்ததே இல்ல."

"தொண்ணூத்தெட்டுல மழை ஜாஸ்தி. நாக்குலயே தெரியுது பாருங்க" என்றார் சில்வேரியோ. அடுத்து 1902-ஐக் குடித்தவர் கோப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அம்மா வைத்த இறைச்சிக் குழம்பு ஞாபகம் வருகிறதாம். கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பல்தசார் பாட்டிலைத் தன் பக்கம் இழுத்தார். அதில் இருந்த எழுத்தைக் கட்டைவிரலால் தடவினார், விரலோடு பெயர்ந்து வந்த வெள்ளைத் துகளைப் பார்த்தார், கையை மெல்லச் சட்டைப்பைக்குள் ஒளித்துக்கொண்டார். இன்னும் ஐந்து நிமிடத்தில் மாமனார் வெடிக்கப்போகிறார் என்று நேலியோ கணக்குப் போட்டான்.

1870-ஐக் குடித்ததும் நீதிபதி எழுந்தே நின்றுவிட்டார். இத்தனை வருடத்தில் இதுதான் உச்சம், எல்லாம் புது ஆளின் கைராசி என்று அவனுக்காகக் கோப்பையை உயர்த்தினார். அதைத்தான் நேலியோவால் தாங்க முடியவில்லை. இவ்வளவு சந்தோஷமான மனிதர்களை ஏமாற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைவிடச் சமையலறையே மேல்.

"மாமா, நான் பாட்டிலைக் கழுவிட்டேன். எழுத்தெல்லாம் போயிடுச்சு. இதெல்லாம் நான் எழுதினது" என்றான். வெதுவெதுப்பான தண்ணீரையும் சுவைத்ததையும் குழம்பு வைனையும் ஒயிட்னரையும் ஒன்று விடாமல் ஒப்பித்தான்.

சில்வேரியோ கோப்பையைக் கீழே வைக்கப் போனார். பிறகு மனம் கேட்காமல் மிச்சத்தையும் குடித்துவிட்டார். எல்லோரும் பல்தசாரைப் பார்த்தார்கள்.

"சரி விடு மாப்ள. உக்காரு. நாற்காலி உன்னுதுதான்" என்றார் அவர், அவசர அவசரமாக.

நேலியோ தன் காதையே நம்பவில்லை. நீதிபதி நம்பவே இல்லை.

"நீ விட்டாலும் நான் விடமாட்டேன் பல்தசார். நூறு வருஷம் தாங்கின பெயின்ட்டு, கை பொறுக்கிற தண்ணியில எப்படிப் போகும்?"

பல்தசாருக்குத் திடீரென்று இருமல் வந்தது. கேக் எங்கே, கேக் இன்னும் வரவில்லையே என்று அடுப்படியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

ஒட்டீலியா தேன் கேக்கோடு வந்தாள். ஊர் வழக்கப்படி கத்தி படாமல் கையாலேயே பிய்த்து, முதல் துண்டை மருமகன் தட்டில் வைத்தாள்.

"சுண்ணாம்பு தண்ணியில போகாம என்ன பண்ணும் ஜட்ஜம்மா? கல்யாணமான புதுசுல இவரும் இந்தப் பாட்டிலையெல்லாம் சோடாக்காரம் போட்டுத் தேய்ச்சு எழுத்தெல்லாம் போயி உக்காந்து அழுதாரு, பாவமேன்னு செவுத்துக்கு அடிச்ச மிச்சத்துல நான்தான் எழுதிக் குடுத்தேன்; 1870 எங்க தாத்தா பொறந்த வருஷம், 1898 எங்க அப்பா, 1902 எங்க அம்மா."