தம்பி புலம்பல்: திருத்தி அனுப்பவும்

முரசுமோட்டை,
கிளிநொச்சி.
வெள்ளிக்கிழமை.

வவுனியாவில் வசிக்கும் மதிப்புக்குரிய திரு. கனகலிங்கம் அவர்களுக்கு,

தங்கள் கூடப்பிறந்த அண்ணன் கதிர்காமநாதன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் தங்கள் அண்ணி நேசமலரும் சுகம். வயலும் சுகம். தாங்களும் மனைவி கௌசலாவும் பிள்ளை விதுசனும் சுகமாக இருக்க நாகதம்பிரானை வேண்டிக்கொள்கிறேன். தொலைபேசியில் என் பெயரைக் கண்டால் தாங்கள் எடுப்பதில்லை, ஆகவே கடிதம். இது சமாதானக் கடிதம் என்று நினைத்துவிட வேண்டாம். புது வீட்டுக் குடிபூரலைச் சொந்தத் தமையனுக்குப் போனில் சொன்னது தாங்கள். நேரில் வந்து அழைக்காத வீட்டுக்கு வராமல் நின்றது நான். அந்த வழக்கு அப்படியே கிடக்கட்டும். இது வேறு அலுவல்.

போன மாதம் நம் முத்துலிங்கத்தார் செத்த முப்பத்தோராம் நாள் சடங்குக்குப் போயிருந்தேன். சாப்பிட்டு எழும்ப, அவருடைய நினைவுக்கு அச்சடித்த கல்வெட்டுப் புத்தகத்தைக் கையில் தந்தார்கள். வழக்கம்போல முன்னுக்குப் படம், பிறகு வாழ்க்கை வரலாறு, அதன் பிறகு மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல் என்று வீட்டார் ஒவ்வொருவராகப் பாட்டில் அழுகிறார்கள். மனுசன் கலியாணமே கட்டாதவர்! பாட்டு எழுதிக் கொடுக்கிறவரிடம் ஒரே புலம்பல்தான் இருக்கிறது, ஆளுக்கு ஆள் பெயரை மாற்றிக் கொடுக்கிறார். செத்தவர் எழும்பி வந்து பிழை சொல்லவா போகிறார்? நாளைக்கு என் கதியும் இதுதானே? என் கல்வெட்டை நானே எழுதுவது, எழுத எழுத அழவேண்டியவர்களிடமே காட்டித் திருத்துவது என்று முடிவெடுத்தேன். அது ஒழுங்காக முடிந்துவிட்டால் பிறகு சாவது சுலபம், பாருங்கள்.

வாழ்க்கை வரலாற்றுப் பாட்டையும் ஆளுக்கு இரண்டு வரிப் புலம்பலையும் எழுதிக்கொண்டு, முதலில் மனைவி புலம்பலை எடுத்தேன். பொறுக்க முடியாமல் குசினிக்குள் போய் வாசித்துக் காட்டினேன்.

ஊணின்றி உறக்கமின்றி ஒட்டி உலர்ந்தேன் நான்
வீணையிலே தந்தியற்றேன் வேந்தே நீர் போனபின்பு

அவள் கறிக்கு வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். “இஞ்சாருங்கோ, எனக்குச் சீனி வருத்தம். நேரத்துக்குச் சாப்பிடாட்டி நானும் உங்களுக்குப் பின்னால வரவேண்டியதுதான். நான் சாப்பிட்டனான் எண்டே எழுதுங்கோ” என்றாள். “அதோட, உங்களை வேந்தே எண்டு நான் எப்ப கூப்பிட்டனான்?” என்றும் கேட்டாள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. ஆனால் அழப்போகிறவள் அவள்தானே, அவளுக்குத் தெரியாதா தான் எப்படி அழுவாளென்று? ‘நேரத்துக்குச் சோறுண்டு நினைத்திருப்பேன் உம்மையே’ என்று மாற்றினேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, இன்னொருக்கால் வாசிக்கச் சொன்னாள். உண்மையாகவே அது நல்ல வரி, தம்பி. (இனியும் தங்கள், தாங்கள் என்று எழுதக் கை வருகுதில்லை. நீ என்றே எழுதுகிறேன். அதற்கு வேறு அர்த்தம் எடுக்காதே.)

திருத்தியதைக் கல்வெட்டு ராகத்தில் இழுத்துப் பாடிப் பார்த்தேன், அதில்தான் வந்தது வினை. மனைவி புலம்பல் அல்லவா, குரலையும் கொஞ்சம் மெலியவிட்டுப் பாடினேன். அந்த நேரம் பார்த்து உன் அண்ணி வெங்காயத் தோலைக் கொட்ட, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தபடி படலையடிக்குப் போயிருக்கிறாள். எங்கள் பின்வளவு ராசு சைக்கிளில் போனவன், வீட்டுக்குள் ஒரு பொம்பிளை ஒப்பாரி வைப்பதைக் கேட்டு, இவள் கண் சிவந்து நிற்பதையும் கண்டு, செத்தது யாரென்று ஒரு வார்த்தை கேளாமல் நேரே மரண உதவிச் சங்கத்துக்கு உழக்கிவிட்டான். எங்கள் ஊர்ச் சங்கத்தை உனக்குத் தெரியும்தானே, வேறு எதற்குப் பிந்தினாலும் சாவுக்குப் பிந்தாது. நான் இரண்டாவது புலம்பலுக்குத் தாளைத் திருப்பவில்லை, அதற்குள் லான்ட்மாஸ்டர் உழவு யந்திரப் பெட்டி நிறையக் கதிரைகளும் கொட்டகைச் சாமானும் வந்து இறங்கின. சங்கச் செயலாளர் தவராசா வெள்ளை வேட்டியோடு படியேறி வந்து, கதவைத் திறந்த என் கையைப் பிடித்து, “அண்ணை, மனதைத் தளரவிடாதேங்கோ. எப்ப நடந்தது?” என்றார். பின்னாலேயே உன் அண்ணி வந்து நிற்க ஆளுக்கு முகம் வெளிறிவிட்டது.

“அப்ப ஆர் செத்தது?”

“ஒருத்தரும் சாகேல்லை. நான் எழுதிக்கொண்டிருக்கிறன்.”

“பாடினது நீங்களோ?” என்றான் ராசு. “நான் உங்கட மச்சாள் வந்து அழுகிறா எண்டெல்லோ நினைச்சன்!”

இதற்குள் ஒழுங்கைச் சனம் முழுக்க எங்கள் முற்றத்தில். இறக்கிய கதிரைகளைச் சும்மா திருப்பி ஏற்றினால் சங்கத்துக்கு வெட்கம் என்று தவராசா நிற்கிறார். வேலையைப் போட்டுவிட்டு எனக்காக அழ வந்த சனத்தை வெறும் வாயோடு அனுப்புவது முறையா? எல்லோரையும் இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, எழுதியமட்டும் வாசித்தேன். வரலாற்றுப் பாட்டில் ‘பொறுமைக்கு இமயமாம்’ என்ற இடத்தில் பின்வரிசையில் யாருக்கோ புரையேறியது. “அண்ணை, வாய்க்கால் தண்ணிக்கு மண்வெட்டியோட விடிய விடிய நிண்டு எங்களை வெருட்டினதை எங்க போட்டிருக்கிறியள்? அது இல்லாட்டி உங்கட கல்வெட்டெண்டு ஆர் நம்புவினம்?” என்றார் தவராசா. அங்கேயே இமயத்தை வெட்டி மண்வெட்டியைப் போட்டு வாசித்தேன். கைதட்டினார்கள். செத்தவீட்டுக் கதிரைகளிலிருந்து கைதட்டு வாங்கிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். அந்தப் புளுகத்தில், அந்தச் சந்தோசத்தில்தான் தம்பி புலம்பலை எடுத்தேன்.

தோளோடு தோள்நின்ற தெய்வமே என் அண்ணாவே
நாளேதும் உன்சொல்லை நான்மீறி நின்றேனோ

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எல்லோரும் தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டில் உடுப்புத் தைக்கும் பிரேமிளாதான் கடைசியில் வாய் திறந்தாள்.

“கோவிக்காதேங்கோ அண்ணை. மற்றதிலயெல்லாம் அந்தந்த ஆளின்ர குரல் கேக்குது. இதில உங்கட தம்பியைக் காணேல்லை. அவரைக் கேட்டே எழுதினனீங்கள்?”

“இல்லை.”

“அப்ப அவர் அழுவார் எண்டு உங்களுக்கு என்னெண்டு தெரியும்?”

எனக்குத் தெரியவில்லை, தம்பி. நான் செத்தால் நீ வருவாயோ என்பதே எனக்குத் தெரியவில்லை. இத்தனை நாளும் அதை நான் யோசிக்கவே இல்லை. அத்தனை சனத்துக்கும் முன்னால்தான் யோசித்தேன்.  தாளை மடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

பிறகு இருந்து திருத்தினேன். தோளையும் தெய்வத்தையும் வெட்டினேன். சண்டைக்குள் இடம்பெயர்ந்து போனபோது காய்ச்சலில் கிடந்த என்னைச் சைக்கிள் கரியரில் இருத்தி உடையார்கட்டு வரைக்கும் உழக்கினாயே, அதை எழுதினேன். “அண்ணை, ஆடாமல் இரு, விழுத்திப்போடுவன்” என்று நீ வழிநெடுகக் கத்தியதையும் சேர்த்தேன். அதற்கு மேல் ஒரு சொல்லும் ஓடவில்லை. உன் அழுகையை நான் எழுதினால் அது என் அழுகையாகவே வந்து நிற்கிறது.

ஆகவே அரைகுறையாக நிற்கும் அந்தத் தாளை இதோடு வைத்திருக்கிறேன். சிவப்புப் பேனையால் தாராளமாகத் திருத்து. பிழையானதை வெட்டு. என்னை ஏச இருந்தால் அதையும் உள்ளே போடு, எதுகை மோனையை நான் பார்த்துக்கொள்கிறேன். திருப்பி அனுப்ப முத்திரை ஒட்டிய உறையும் இருக்கிறது. இதற்காக நீ இங்கே வரத் தேவையில்லை. நானும் அங்கே வருவதாக இல்லை. இடையில் தபால்காரன் போதும்.

கௌசலாவுக்கும் விதுசனுக்கும் எங்கள் இருவரின் ஆசி. உனக்கும் ஆசி சொல்வதா என்று உன் அண்ணியைக் கேட்டேன், சொல்லச் சொன்னாள். எனக்குப் பின்னும் நெடுநாள் நன்றாக இரு.

இப்படிக்கு,
இன்னும் உயிரோடிருக்கும் உன் அண்ணன்,
கதிர்காமநாதன்.

பி.கு.: இப்போதெல்லாம் நான் எதையும் காட்டாமல் முடிப்பதில்லை. இந்தக் கடிதத்தையும் உறையை ஒட்டுமுன் உன் அண்ணிக்கு வாசித்துக் காட்டினேன். “எல்லாம் நல்லாயிருக்கு. வரத் தேவையில்லை எண்டதை வெட்டுங்கோ. வருவதாக இல்லை எண்டதையும் வெட்டுங்கோ. அந்த வழக்கு கிடக்கட்டும் எண்டதையும் வெட்டுங்கோ. பிறகென்னத்துக்குத் தபால்? வெளிக்கிடுங்கோ” என்றாள். வெட்டினால் தாள் அசிங்கமாகும் என்று விட்டிருக்கிறேன். அதெல்லாம் வெட்டியதாகவே நினைத்துக்கொள். நாளை காலை வவுனியா பஸ்ஸில் வந்து என் கையாலேயே இதைத் தருகிறேன். நீ முகத்தைப் பார்க்காமல் கடிதத்தை மட்டும் வாங்குவாய், உன்னை எனக்குத் தெரியும். வாசித்து முடித்துவிட்டாயென்றால் நிமிர்ந்து பார். உன் வாசலில்தான் நிற்கிறேன். உள்ளே வரச் சொல்லு, தம்பி.