கிளியின் நிகர எடை

நாலு கிராம் குறைந்திருந்தது.

எடைமேடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்ப மாட்டிக்கொண்டு பார்த்தார். மேஜைத் தராசின் சின்னத் திரையில் ஆயிரத்து நூற்று எண்பத்தெட்டு என்றே நின்றது. அதில் கிளி உட்கார்ந்திருந்த தாங்கியின் எடை எழுநூற்று எண்பது போனால் கிளி நானூற்று எட்டு. வந்த அன்று நானூற்றுப் பன்னிரண்டு. ஐந்தே நாளில் நாலு கிராம் போன இடம் தெரியவில்லை.

கிளியைத் தனியாகத் தராசில் நிற்கவைக்க முடியாது. வழவழப்பான தட்டில் கால் பட்டதுமே அது பறந்து போய்த் திரைச்சீலையில் தொங்கும். ஆனால் அதற்கென்று வாங்கிய தாங்கியில் சமர்த்தாக உட்காரும். ஒரு வட்டப் பலகை, நடுவில் கம்பு, மேலே குறுக்காக ஒரு கட்டை, எல்லாம் இலேசான வெள்ளை மரம். ஆகவே அவர் தாங்கியோடு கிளியைத் தூக்கித் தராசில் வைத்தார். முதல் நாளே வெறும் தாங்கியை மட்டும் நிறுத்து நோட்டில் குறித்துக்கொண்டார். பிறகு தினமும் கழித்தல் கணக்குதான்.

அவருடைய தொழிலே அதுதான். ஊருக்கு வெளியே லாரிகளை எடை போடும் மேடையில் இருபத்திரண்டு வருஷம். சரக்கோடு லாரி ஏறும், அதில் காலி லாரியின் எடையைக் கழித்தால் மிச்சம் சரக்கு. கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து திரையில் ஓடும் எண்ணைப் பார்ப்பாரே தவிர, எதிரில் நிற்கும் லாரி சிவப்பா பச்சையா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

"மாப்பிள்ளை, கிளி விஷயமா ஒண்ணு..." என்று துடைப்பத்தோடு வந்து நின்றார் மாமனார். வேலையிலிருந்து ஓய்வு பெற்று மகள் வீட்டோடு இருப்பவர். கூடத்தைக் கூட்டுவதைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டு, விடிந்ததும் முதல் வேலையாக முடித்துவிடுவார்.

"அப்புறம் சொல்லுங்க மாமா. கணக்கு தப்பிடும்."

மாமனார் முறத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

நாலு கிராமுக்கு இத்தனை கவலை எதற்கு என்று கேட்கலாம். கிளியைக் கொடுத்த பறவைக் காப்பகம் அவரிடம் கையெழுத்து வாங்கியிருந்தது. தினமும் எடை எழுத வேண்டும். முப்பதாம் நாள் நோட்டோடும் கிளியோடும் வர வேண்டும். எடை பத்தில் ஒரு பங்கு குறைந்திருந்தால் கிளியைத் திருப்பி எடுத்துக்கொள்வார்கள். அதாவது முன்னூற்று எழுபத்தொன்று. அந்த எண்ணுக்கு அவர் நோட்டில் சிவப்பு மையில் கோடு போட்டு வைத்திருந்தார்.

மகள் படிப்புக்காக வெளியூர் போனபின் வீடு வெறிச்சென்று இருக்கிறதே என்று மனைவிதான் கிளி கேட்டாள். அவர் வேண்டா வெறுப்பாகத்தான் சம்மதித்தார். சாம்பல் நிறம், சிவப்பு வால், எப்போதும் குற்றம் கண்டுபிடிக்கிற மாதிரி ஒரு பார்வை. ஆனால் முதல் நாள் வேலை முடிந்து அவர் உள்ளே நுழைந்ததும் அது தலையைச் சாய்த்து, "சாப்பிட்டாச்சா?" என்றது. பழைய வீட்டில் யாரிடமோ கற்றது. எடைமேடைக்காரர் செருப்பைக் கழற்ற மறந்து அப்படியே நின்றார். அவரைப் பார்த்து யாரும் அப்படிக் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. அன்றிலிருந்து அந்தக் கிளி இல்லாமல் அவருக்கு ஆகாது.

காப்பகம் கொடுத்த உணவுத் தாளை மறுபடி எடுத்துப் படித்தார். சூரியகாந்தி விதையில் கொழுப்புதான் உண்டு, சத்தில்லை என்று போட்டிருந்தது. சத்தில்லாததைத் தின்றால் இளைக்கத்தானே செய்யும் என்று விதை டப்பாவை அலமாரி உச்சிக்கு ஏற்றிவிட்டு, உருண்டைத் தீவனத்தை நிரப்பினார். கிளி ஓர் உருண்டையை எடுத்தது, நாக்கால் புரட்டிப் பார்த்தது, நாட்காட்டியைக் குறிபார்த்து எறிந்தது. மாலைக்குள் கிண்ணம் காலியாகவும் கூடம் நிறைந்தும் இருந்தது.

மறுநாள் இன்னும் நாலு கிராம் குறைந்தது.

பிறகு காய்கறிக்கு வந்தார். கேரட், பட்டாணி, குடைமிளகாய், கீரை எல்லாவற்றையும் அரை அங்குலத் துண்டுகளாக நறுக்கினார். இரண்டு மணிக்கு ஒரு வேளை என்று அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினார். வேலைக்குப் போனால் இரண்டு மணிக்கு ஒருமுறை மனைவிக்குப் போன் செய்தார்.

"சாப்பிட்டுச்சா?"

"பட்டாணியைத் தின்னுச்சு. கீரையை அப்பா தலையில போட்டுச்சு."

"எத்தனை பட்டாணி?"

"ஏங்க, எனக்கு ஆபீஸ் வேலை இருக்கு" என்று அவள் போனை வைத்துவிட்டாள். வீட்டிலிருந்தபடியே கணினியில் வேலை பார்க்கிறவளுக்குப் பட்டாணி எண்ணுவது கூடுதல் பொறுப்பு.

பசியில் வந்த கோபத்தைக் கிளி நாட்காட்டி, நாற்காலியின் முதுகு, உட்கார்ந்திருந்த கட்டை, அவருடைய சட்டைக் காலர் என்று அகப்பட்டதன்மேல் எல்லாம் காட்டியது. பத்தாம் நாள் முன்னூற்றுத் தொண்ணூற்றொன்று. எடைமேடைக்காரர் அலுவலகத்திலிருந்து அரைக் கிலோ முத்திரை எடைக்கல்லைக் கொண்டுவந்து தராசைச் சோதித்தார். சரியாக ஐந்நூறு காட்டியது. நம்பிக்கை வராமல் இன்னொரு புதுத் தராசு வாங்கிவந்தார். அதுவும் கிளியை முன்னூற்றுத் தொண்ணூற்றொன்று என்றது. தராசுகள் ஒத்துப்போனதில் ஒரு நிமிஷம் பெருமைப்பட்டார். அடுத்த நிமிஷம் நோட்டைத் திறந்து, சிவப்புக் கோட்டுக்கு இன்னும் எத்தனை கிராம் மிச்சம் என்று எண்ணினார்.

யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். வரவு குறையவில்லை என்றால் செலவு கூடுகிறது. கிளி வீடு முழுக்கப் பறக்கிறது, அதில்தான் எடை போகிறது.

"இனிமே இதை யாரும் பறக்க விடக்கூடாது" என்று சட்டம் போட்டார். "நாள் முழுக்கத் தாங்கியிலேயே உட்காரட்டும்."

"பாவம்ங்க, பொழுது போகாம என்ன பண்ணும்?"

"ஓய்வு எடுக்கும்."

கிளி ஓய்வு எடுக்கவில்லை. ஆனால் பறக்கவும் இல்லை. கூடத்து மூலையில், முதுகைக் காட்டிக்கொண்டு, ஏதோ முணுமுணுத்தபடி உட்கார்ந்திருந்தது. அதுவரை தினமும் மூன்று நாலு கிராமாகக் குறைந்து வந்த எடை ஒரே நாளில் ஐந்து கிராம் குறைந்தது.

"மாப்பிள்ளை, நானும் தினமும் பார்க்கறேன், அந்த..."

"மாமா, தயவுசெஞ்சு இப்ப வேண்டாம். எனக்குத் தலையே சுத்துது."

மாமனார் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார். மாப்பிள்ளை வீட்டில் இரண்டாம் தடவைக்கு மேல் பேசக்கூடாது என்பது அவருடைய கொள்கை.

எடை மேடையிலும் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. சிமென்ட் லாரிச் சீட்டில் கிராம் என்று எழுதிவிட்டு அடித்துத் திருத்தினார். அந்த நேரம் பார்த்துச் செங்கல் லாரி டிரைவர் ஜன்னலில் வந்து நின்றான்.

"சார், வண்டியோட பக்கப் பலகை ரெண்டையும் கழட்டிட்டேன். நீங்க பழைய காலி எடையையே கழிக்கறீங்க. சரக்கு குறைச்சலா காட்டுது. இன்னொரு தடவை காலியா ஏத்திப் பாருங்களேன்."

"காலி எடை ஆறு மாசத்துக்கு ஒரு தடவைதான். போட்டது போட்டதுதான்."

"சார், பலகையே இல்ல சார். எட்டிப் பாருங்க."

எடைமேடைக்காரர் எட்டிப் பார்க்கவில்லை. அந்தச் சமயம் அவர் வீட்டுக்குப் போன் செய்துகொண்டிருந்தார்.

இருபதாம் நாள் முன்னூற்று எழுபது. சிவப்புக் கோட்டுக்குக் கீழே.

அன்று அவர் உணவுத் தாளை மடித்து அலமாரியில் போட்டார். யாரும் பார்க்காத நேரத்தில் ஸ்டூல் போட்டு ஏறி, சூரியகாந்தி விதை டப்பாவை இறக்கி, ஒரு கைப்பிடி கொடுத்தார். கிளி வாங்கித் தின்றுவிட்டு அவர் விரலை மெதுவாகக் கடித்தது. அது அன்பு என்று எடுத்துக்கொண்டு இன்னொரு கைப்பிடி கொடுத்தார்.

அவருக்குத் தெரியாதது ஒன்று உண்டு. மனைவி பத்து நாளாகவே தன் மேஜைக்கடியில் பாதாம் பருப்பை ஒளித்து வைத்து ஊட்டிக்கொண்டிருந்தாள். மாமனார் காலையில் தனக்கு வெட்டும் ஆப்பிளில் பாதியைக் கொடுத்துக்கொண்டிருந்தார். மூன்று பேரும் தாங்கள் மட்டுமே கள்ளத்தனமாகக் கொடுப்பதாக நினைத்துக்கொண்டு, எதிர்ப்பட்டபோது எல்லாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நகர்ந்தார்கள். கிளி மூன்று பேரிடமும் வாங்கிக்கொண்டது, யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை.

அப்படியும் முப்பதாம் நாள் காலை முன்னூற்றைம்பது.

காப்பகத்துக்குப் போகும் வாடகை வண்டியில் எடைமேடைக்காரர் பின் இருக்கையில் உட்கார்ந்திருந்தார். மடியில் கூண்டு. பக்கத்தில் மனைவி. முன் இருக்கையில் மாமனார், தாங்கியை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதற்கு அதெல்லாம் என்று மனைவி கேட்டதற்கு, இருக்கட்டும் என்றார் மாமனார்.

"நான் பாதாம் கொடுத்தேங்க" என்று மனைவி பாதி வழியில் அழுதுவிட்டாள். "அதனாலதான் இப்படி ஆயிடுச்சோ என்னவோ."

"நான் விதை கொடுத்தேன்" என்றார் அவர், ஜன்னல் பக்கம் திரும்பி. முன்னால் மாமனார் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். அவர் ஆப்பிளைச் சொல்லவந்தாரோ வேறு எதையோ, அதற்குள் வண்டி நின்றுவிட்டது.

காப்பகத்து டாக்டரம்மா அதிகம் பேசாதவர். கிளியை ஒரு துணிப்பைக்குள் விட்டு, தராசில் தொங்கவிட்டு, பிறகு வெறும் பையை நிறுத்துக் கழித்து, தாளில் எழுதினார். இறக்கையை விரித்துப் பார்த்தார். நெஞ்செலும்பைத் தடவிப் பார்த்தார்.

"நானூற்று நாற்பத்தாறு" என்றார். "நல்லா வெச்சிருக்கீங்க. இங்கே இருந்தப்ப வாடிப்போய் இருந்துச்சு. இதுதான் இதுக்குச் சரியான எடை."

அங்கே வாயை மூடிக்கொண்டு வந்திருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் இருபத்திரண்டு வருஷப் பழக்கம் அவரை விடவில்லை.

"உங்க தராசு தப்புங்க" என்றார்.

டாக்டரம்மா நிமிர்ந்தார். எடைமேடைக்காரர் சட்டைப் பையிலிருந்து அரைக் கிலோ எடைக்கல்லை எடுத்து நீட்டினார். டாக்டரம்மா அதை வாங்கி அதே பையில் போட்டுத் தொங்கவிட்டார். பையைக் கழித்தால் துல்லியமாக ஐந்நூறு.

"அந்த நோட்டைக் கொடுங்க."

கொடுத்தார். டாக்டரம்மா பக்கம் பக்கமாகப் புரட்டினார். சிவப்புக் கோட்டில் ஒரு தடவை நின்றார், கடைசிப் பக்கத்தில் இன்னொரு தடவை நின்றார். அவர் முகம் மாறிவிட்டது.

"நேத்தி வரைக்கும் முன்னூத்தம்பதை ஒட்டியே போயிருக்கு. ஒரு மாசம் காயப்போட்டுட்டு, இங்கே வர்றதுக்கு முன்னாடி திணிச்சுக் கொண்டு வர்றவங்களை நான் பார்த்திருக்கேன். இந்த நோட்டு நிஜம்னா கிளியை நான் எடுத்துக்கணும். நோட்டு தப்புன்னா, தப்புன்னு நீங்களே எழுதிக் கொடுங்க."

மனைவி அவர் முழங்கையைப் பிடித்தாள். எடைமேடைக்காரர் நோட்டையே பார்த்தார். அவருடைய தராசு முத்திரைக் கல்லால் சோதித்த தராசு. அவருடைய கணக்கு ஒரு நாளும் பிசகியதில்லை. எத்தனையோ லாரி முதலாளிகள் மேஜையில் அடித்துக் கத்தியபோதும், என் எடை தப்பு என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததில்லை. அதை எழுதிக் கையெழுத்துப் போடுவது என்றால் அத்தனை வருஷத்தையும் அடித்துவிடுவது மாதிரி.

மறுபடி கூண்டில் விட்டிருந்த கிளி கதவு வழியாகத் தலையை வெளியே நீட்டியது. அறையில் இருந்த எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, எடைமேடைக்காரர்மேல் பார்வையை நிறுத்தியது.

"சாப்பிட்டாச்சா?"

எடைமேடைக்காரர் பேனாவைத் திறந்தார். கண்ணில் நீர் முட்டி எழுத்து மங்கலாகத் தெரிந்தது.

"தப்புதாங்க" என்றார். "என் தராசுதான் தப்பு. ரெண்டு தராசுமே தப்பு. எழுதித் தர்றேன்."

"கொஞ்சம் இருங்க, மாப்பிள்ளை."

மூன்றாவது தடவையாகப் பேச வாய் திறந்திருந்தார் மாமனார். முழங்காலுக்கு நடுவில் இருந்த தாங்கியை எடுத்து மேஜைமேல் வைத்தார். எடைமேடைக்காரர் ஒரு மாதத்தில் முதல் தடவையாக, எண்ணை விட்டுவிட்டு, அதை நேராகப் பார்த்தார்.

"உங்க தராசும் சரி, டாக்டரம்மாவோட தராசும் சரி, கிளியும் சரி" என்றார் மாமனார். "இளைச்சது இந்தக் கட்டைதான். அது கொறிச்சுக் கொறிச்சுத் துப்பினதை ஒரு மாசமா தினமும் விடியக்காலையில நான்தான் முறத்துல அள்ளிக் கொட்டறேன்."